ஐந்து நாள் அடைப்பு

குரல்வளையை எடுத்துவிடுவதா, கரண்ட் வைத்துப் பார்ப்பதா என்று டாக்டர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. என் மனைவிதான் சொன்னாள்.

அதற்குச் சற்று முன்புதான் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா வயரை விட்டுத் தொண்டைக்குள் பார்த்திருந்தார்கள். "ஈன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர். சொன்னேன். எதிரே இருந்த திரையில் இரண்டு வெளிர் நாண்கள் தெரிந்தன. வலது பக்கத்தது உள்ளே வந்து போனது. இடது பக்கத்தது அசையாமல் கிடந்தது. அதன் மேல் சொரசொரவென்று ஏதோ படர்ந்திருந்தது. நான் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன். சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று முன்பே தெரிந்துவிட்டது. இருபது வருஷம் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்தவனுக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன் என்றால் குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு போய்விடும். கரண்ட் என்றால், அதாவது கதிர்வீச்சு, முப்பத்தைந்து நாள், வாரத்துக்கு ஐந்து நாள், அதோடு வாரம் ஒருமுறை கையில் மருந்து ஏற்றுவார்கள். நன்றாகக் கேட்டால் நோயும் போகும், குரலும் மிஞ்சும். கேட்காவிட்டால் கடைசியில் அதே ஆபரேஷன்தான், ஆனால் கரண்ட் பட்ட இடத்தில் புண் ஆறுவது கஷ்டம்.

"இவரு இருக்குற குரலையே செலவு பண்ண மாட்டாருங்க டாக்டர்" என்றாள் என் மனைவி. "ஆனாலும் இருக்கட்டும். கரண்டே வைங்க."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாதுங்க. அது ஒன்னுதான் உங்க கையில இருக்கு."

அவள் சொன்னது கேலி மட்டும் இல்லை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். வருகைப் பதிவு எடுக்கும்போது நான் 'உள்ளேன் ஐயா' சொல்வது முன் பெஞ்சுக்கே கேட்காது. அதனால் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாள்களிலேயே பல முறை எனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. எழுந்து போய், ஐயா நான் இருந்தேன் என்று சொல்ல ஒரு நாளும் வாய் வரவில்லை. வளர்ந்த பிறகும் அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் சொல்லத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன்.

இந்தக் கூச்சத்தால் எங்கள் நிலத்துக்கும் ஒரு சிக்கல் வந்திருந்தது.

எங்கள் தாத்தா பண்ணையில் வேலை பார்த்தவர். அப்பா காலத்தில்தான் கூலிக்காரன் என்ற பேர் போய்ச் சாகுபடிக்காரன் என்ற பேர் வந்தது. ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே கோயில் நிலம் மூன்று ஏக்கரை அப்பா குத்தகைக்குச் செய்தார். குத்தகைக்காரன் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது, கொடி பிடித்து ஊர்வலம் போய், தாசில்தார் ஆபீஸ் வாசலில் பட்டினி கிடந்து, தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு வந்தவர் அவர். அவர் இறந்த பிறகு அந்தப் பெயரை என் பெயருக்கு மாற்ற வேண்டும். மனு எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை போனேன். வராந்தாவில் நின்றேன். யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பதிவேட்டில் செத்துப்போன அப்பாதான் இன்னும் சாகுபடி செய்துகொண்டிருந்தார்.

இதை எங்கள் ஊர்க் கட்சிக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார். ஆட்சி மாறினாலும் அவர் காரில் கொடி இருக்கும், நிறம்தான் மாறும். குத்தகைதாரர் இறந்துவிட்டார், வாரிசு பதியவில்லை, நிலம் காலி என்று சொல்லித் தன் பெயரில் புதுக் குத்தகைக்கு எழுதி வாங்கிவிட்டார். நாங்கள் ஆட்சேபம் கொடுத்தோம். கொடுத்தோம் என்றால் என் மனைவி கொடுத்தாள். அது விசாரணையில் இருந்த நேரத்தில்தான் எனக்குக் குரல் கம்மத் தொடங்கியது. எங்கள் பக்கம் இப்படிப்பட்ட தகராறுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு: நிற்கிற பயிரை யார் அறுக்கிறார்களோ, நிலம் அவர்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் அறுப்புக்குத்தான் அடிதடி நடக்கும், நடவுக்கு நடக்காது.

சம்பா கதிர் வாங்கும் சமயம், மார்கழியில், தஞ்சாவூரில் என் வைத்தியம் தொடங்கியது. அறுப்பு வரை நிலத்தை அவள் பார்த்துக்கொள்வது, நான் தஞ்சாவூரிலேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் மாஸ்க் செய்தார்கள். வெந்நீரில் போட்டு எடுத்த ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். சூடாக, ஈரத்துணி போல இருக்கும். நெற்றி, மூக்கு, தாடை, தோள் வரை படிந்து, சில நிமிஷத்தில் இறுகிவிடும். தினமும் அதை மாட்டி, இரண்டு பக்கமும் மேஜையோடு பூட்டுவார்கள். தலையை ஒரு நெல் அளவுகூட அசைக்க முடியாது. அசைந்தால் கரண்ட் படக்கூடாத இடத்தில் படும், பட வேண்டிய இடம் தப்பிவிடும். அறைக்கு வெளியே அலமாரியில் எல்லோருடைய மாஸ்க்கும் வரிசையாகத் தொங்கும், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கும்.

கரண்ட் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, ஷாக் எதுவும் அடிக்காது. ஒரு பெரிய இயந்திரம் கிர்ரென்று தலையைச் சுற்றி வரும். எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவை மூடிவிடுவார்கள். பத்து நிமிஷம். உள்ளே நான் மட்டும். எச்சில் விழுங்கவும் பயமாக இருக்கும். மெஷின் போடும் அம்மா முதல் நாள் சொன்னார், மூச்சு முட்டினால் கையைத் தூக்குங்கள், கேமராவில் பார்த்து நிறுத்திவிடுவோம் என்று. முட்டத்தான் செய்தது. ஆனால் கையைத் தூக்கி ஒரு ஆஸ்பத்திரியையே நிறுத்துவதை நினைத்தால் அதைவிட முட்டியது. மெஷின் நிற்கும் வரை எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகள் தங்கும் விடுதியில் எனக்குக் கட்டில் கிடைத்தது. அடுத்த கட்டிலில் சேதுபாவாசத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கன்னத்துக்குள்ளே புகையிலை அடக்கிய இடத்தில் அவருக்கு வந்திருந்தது. ஆபரேஷனில் தாடையின் ஒரு துண்டை எடுத்திருந்தார்கள். மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சாகடிக்க அவருக்கு முப்பது கரண்ட். முகம் ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் அவர் பேச்சு நிற்காது. என்னை விவசாயி என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி கூட இருந்து எங்கள் இரண்டு பேருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

"என்ன விவசாயி, இன்னிக்கு எத்தனை வார்த்தை பேசுன?" என்று சாயங்காலம் கேட்பார்.

நான் விரலைக் காட்டுவேன். மூன்று, நான்கு.

"சேத்து வச்சு என்ன பண்ணப் போற?"

இரண்டாவது வாரம் முடியும்போது வாயில் ருசி போனது. மூன்றாவது வாரம் எச்சில் கெட்டியாகி நூல் நூலாக வந்தது. அப்புறம் தொண்டைக்குள் புண். தண்ணீர் குடித்தாலே மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். கழுத்துத் தோல் கறுத்தது. குரல் சுத்தமாக நின்று, காற்று மட்டும் வந்தது. இதெல்லாம் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காற்றுக் குரலில் பேசுவதும் தொண்டைக்கு ஆகாது என்று ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. எடை குறையக் கூடாது, மாஸ்க் லூஸாகிவிடும் என்று திங்கட்கிழமைதோறும் எடை பார்த்தார்கள். மீன்பிடிக்காரரின் மனைவி ஒரு டம்ளர் கஞ்சியோடு எதிரே உட்கார்ந்துகொண்டு, குடித்து முடிக்கிற வரை எழுந்திருக்க மாட்டார்.

இதற்கு நடுவில் பொங்கல் வந்தது. பொங்கலன்று மெஷின் ஓடவில்லை. அதற்குப் பதிலாக அந்தச் சனிக்கிழமை வரச்சொல்லிக் கரண்ட் வைத்தார்கள். அது என் மனதில் பதிந்துவிட்டது. விட்ட நாளைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்து நான்காவது கரண்ட் முடிந்த செவ்வாய்க்கிழமை மதியம் என் மனைவி போன் செய்தாள். நான் பேச முடியாது, கேட்க மட்டும்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேள்வியே கேட்காமல் சொல்லிக்கொண்டே போனாள். கட்சிக்காரர் அறுவடை மெஷினுக்குச் சொல்லிவிட்டாராம், வியாழக்கிழமை காலை இறக்கப் போகிறாராம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அன்று நேரில் பார்க்க வருகிறார்களாம். சாகுபடி செய்தவர் ஆளே ஊரில் இல்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், தேறி வருவாரா என்பதே சந்தேகம், பிறகு யாருடைய பயிர் இது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

"நீங்க வர வேணாம்" என்றாள் கடைசியில். "சொல்லணும்னுதான் சொன்னேன். நான் பாத்துக்குறேன்."

போனை வைத்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள். சனி, ஞாயிறு எப்படியும் மெஷின் கிடையாது. ஆக ஐந்து நாள். ஐந்து நாள் என்றதும் எனக்குத் தோன்றியது ஆற்றுத் தண்ணீர்தான். தண்ணீர் குறைவான வருஷங்களில் எங்கள் பக்கம் முறை வைத்துத்தான் விடுவார்கள். ஐந்து நாள் மதகு திறந்திருக்கும், ஐந்து நாள் அடைப்பு. அடைப்பில் வயல் லேசாக வெடிக்கும், பயிர் வாடும், ஆனால் சாகாது. திறந்ததும் ஒரு பாய்ச்சலாகப் பாய்ச்சினால் எழுந்துவிடும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஐந்து நாள் அடைப்பை ஒரு நெற்பயிர் தாங்குகிறது, நான் தாங்க மாட்டேனா என்று நினைத்தேன். கேட்பவர்களுக்கு முட்டாள்தனமாக இருக்கும். ஆனால் எனக்கு அன்று அது சந்தேகமே இல்லாத கணக்காக இருந்தது.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். இருநூறு அடி நடந்தால் அவர் அறை. அவர் வேண்டாம் என்று சொன்னால் எதிர்த்து ஒன்றும் சொல்ல எனக்கு வராது. அந்தப் பயத்தில்தான் போகவில்லை.

புதன்கிழமை காலை பையை எடுத்தபோது மீன்பிடிக்காரர் பார்த்துவிட்டார். நோட்டில் எழுதிக் காட்டினேன்: ஐந்து நாள்தான், முறைத் தண்ணீர் மாதிரி, வந்து கட்டிக்கொள்வேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"கடல்ல தடைக்காலம் எதுக்கு விடுறாங்க தெரியுமா விவசாயி? வலை போடாம கொஞ்ச நாளு சும்மா விட்டா மீனு பெருகும்னுதான். இப்ப உன் தொண்டையில வலை போட்டு அரிச்சுக்கிட்டு இருக்காங்க. நீ அஞ்சு நாளு வலைய வெளியே எடுத்தா, உள்ள மிச்சம் கெடக்குறது என்ன பண்ணும்?"

பொங்கலுக்கு விட்டார்களே என்று எழுதினேன்.

"அது ஒரு நாளு. அதுவும் அவங்களா பாத்து விட்டது. நீ சொல்லாம ஓடுற."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு இன்னும் நன்றாகப் புரிந்தது. இறங்கத்தான் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை நான் என் வயலின் வரப்பில் நின்றேன். பயிர் நன்றாக முற்றித் தலை சாய்ந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் மணி உதிரும். சாலையோரம் அறுவடை மெஷின் வந்து நின்றது. டிரைவர் என்ஜினை அணைக்காமலே டீ குடிக்கப் போய்விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு பக்கம் கட்சிக்காரரும் அவருடைய ஆட்கள் நாலு பேரும், இன்னொரு பக்கம் என் மனைவியும் அரிவாளோடு அவள் கூட்டி வந்த ஏழெட்டுப் பெண்களும் நின்றார்கள். யாரும் வயலில் கால் வைக்கவில்லை. கழுத்தில் வெயில் படக் கூடாது என்று ஈரத் துண்டு சுற்றியிருந்தேன். அது காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து அரை டம்ளர் கஞ்சி இறங்கியிருந்தது.

அலுவலர்கள் இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வருவாய் ஆய்வாளர் காகிதக் கட்டைப் பிரித்து என்னிடம் கேட்டார்: "இந்தப் பயிரு யாரு வச்சது? நீங்களா? வாயால சொல்லுங்க."

நான்தான் என்றேன். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றேன். தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது போல இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"கேக்காது சார்" என்றார் கட்சிக்காரர். கோபமில்லாமல், வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார். "அண்ணன் ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. பாவம், நிக்கவே முடியல. இவரா வந்து நாத்துப் பறிச்சாரு, இவரா நட்டாரு?"

என் மனைவி முன்னால் வந்தாள். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, ஆய்வாளரைப் பார்த்துத்தான் பேசினாள். விதை எந்தச் சொசைட்டியில் எடுத்தது, நாற்று விட்டது எந்த மாதம், நட்டது யார் யார், முறைத் தண்ணீரில் எங்கள் மடைக்கு எந்தெந்த நாள் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, நட்ட கை இதுதான், வேணும்னா கேட்டுக்குங்க என்றாள். பிறகு கட்சிக்காரர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அவரு வயலு எத்தனை குண்டுன்னு அவர சொல்லச் சொல்லுங்க சார். நாங்க எல்லாம் இங்கயே நிக்குறோம்."

பெண்கள் சிரித்தார்கள். வயல் எத்தனை துண்டாக வரப்புப் போட்டிருக்கிறது என்று எண்ண அவர் தலையைத் திருப்பினார். அதை ஆய்வாளரும் பார்த்தார். ஆனாலும் அங்கேயே முடிவு சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லையோ, துணிவு இல்லையோ, மறுநாள் தாசில்தார் முன்னால் பேசிக்கொள்ளுங்கள், அதுவரை யாரும் அரிவாளும் வைக்கக் கூடாது மெஷினும் இறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பகல் முழுக்க இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். அன்று எனக்கு இருபத்தாறாவது கரண்ட். மணி பதினொன்று ஆனபோது, இந்நேரம் என் மாஸ்க்கை எடுத்துவிட்டுப் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள், மறுபடி அலமாரியிலேயே மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸில் தாசில்தார், ஒரு பெண், என் கழுத்தைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன் நான் மனுவோடு நின்றுவிட்டுத் திரும்பிய அதே ஆபீஸ். அவர் இரண்டு தரப்பையும் கேட்டார், சொசைட்டிச் சீட்டைப் பார்த்தார், ஆய்வாளர் எழுதியதைப் பார்த்தார். நட்டவர்கள் அறுத்துக்கொள்ளட்டும், குத்தகை யாருக்கு என்பதை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு என் மனைவியிடம் கேட்டார், வைத்தியம் முடிந்துவிட்டதா என்று. இன்னும் பதினொன்று பாக்கி என்றாள் அவள்.

தாசில்தார் பேனாவை மூடினார். "பாதியில விட்டுட்டா வந்தீங்க? ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒரு கையெழுத்தையும் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்து விட்டிருந்தா போதுமே. நீங்க எதுக்கு வந்தீங்க?"

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று அதுவரை அவள் நினைத்திருந்தாள். கேட்கவில்லை என்பது அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது. வெளியே வராந்தாவில் கட்சிக்காரர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே, நிலம் எங்கேயும் போய்விடாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் போன பிறகு அவள் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

"நெலம் போனா கூலிக்குப் போயிருப்பேன்."

சனிக்கிழமை அவள் அறுத்தாள். நான் தஞ்சாவூர் திரும்பினேன்.

திங்கள்கிழமை மாஸ்க்கைப் பூட்டியதும் எனக்கே தெரிந்தது. கன்னத்துக்கும் வலைக்கும் நடுவில் காற்று இருந்தது. மெஷின் போடும் அம்மா தாடையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். தலை அசைந்தது. எடை மூன்று கிலோ இறங்கியிருந்தது. மாஸ்க்கின் ஓரத்தில் இருந்த மெல்லிய தகடுகளை எடுத்துவிட்டு இன்னும் கீழே அழுத்திப் பூட்டினார். டாக்டர் உள்ளே வந்தார். பொருந்தவில்லை என்றால் புது மாஸ்க், புது ஸ்கேன், புதுக் கணக்கு, இன்னும் இரண்டு நாள் போகும் என்று அந்த அம்மாவிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் வெளியே போனார்கள். கதவு மூடியது.

அந்தப் பத்து நிமிஷத்தை இப்போதும் என்னால் அளக்க முடியவில்லை. மூக்கை அழுத்திய வலைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மீன்பிடிக்காரர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. ஐந்து நாளில் எவ்வளவு பெருகியிருக்கும்? இயந்திரம் அசையாமல் நின்றால் புது மாஸ்க் என்று அர்த்தம். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் கிர்ரென்று அது சுற்றத் தொடங்கியது.

பிறகு டாக்டர் தன் அறையில் உட்கார வைத்துக் கேட்டார், ஏன் சொல்லவில்லை என்று. நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: முறைத் தண்ணீர், ஐந்து நாள் அடைப்பு என்று எல்லாவற்றையும். அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்தான். விளக்கம் கேட்காமலே படித்துவிட்டார்.

"நாங்க இங்க எதையும் வளக்கலீங்க" என்றார். "வளர விடாம பண்றோம். நடுவுல விட்டா மிச்சம் இருக்கறது முன்னைவிட வேகமா வளரும். சொல்லியிருந்தா காலையில ஆறு மணிக்கே வச்சு அனுப்பியிருப்போமே. ஊருக்குப் போயிட்டு மறுநாள் வந்திருக்கலாம்."

தாசில்தார் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றுதான். கேட்டிருந்தால் போதும்.

விட்ட மூன்றையும் சும்மா கடைசியில் சேர்த்தால் பயன் குறைவு, முதலில் சொன்ன தேதிக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். இரண்டு நாள், காலையில் ஒன்று, ஆறு மணி நேரம் விட்டுச் சாயங்காலம் ஒன்று. ஒரு சனிக்கிழமையும் வர வேண்டும். புண் அதிகமாகும், தாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதிகமானது. கழுத்துத் தோல் உரிந்தது. சோறு தண்ணீர் எல்லாம் மூக்கில் விட்ட குழாய் வழியாகப் போனது. என் மனைவி நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். அந்த வாரங்களில் அவளும் என்னிடம் அதிகம் பேசவில்லை. முப்பத்தைந்தாவது கரண்ட் முடிந்த அன்று மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

மீன்பிடிக்காரர் எனக்கு முன்பே முடித்துவிட்டார். முப்பதில் ஒரு நாள்கூட விடவில்லை. போகும்போது, அடுத்த தடவை சொல்லிட்டு ஓடு விவசாயி என்றார்.

கரண்ட் முடிந்ததும் உடனே பார்க்க மாட்டார்கள். புண் ஆறி வீக்கம் வடிய வேண்டும். மூன்று மாதம் கழித்து, வைகாசியில், மறுபடியும் அந்த வயரை மூக்கில் விட்டார்கள். ஈ சொல்லச் சொன்னார்கள். கரகரவென்று ஏதோ ஒரு சத்தம் வந்தது. டாக்டர் திரையை நெடுநேரம் பார்த்தார். இடது பக்கம் வீக்கம் இருக்கிறது, அசைவு சரியாகத் தெரியவில்லை, இது கரண்டால் வந்த வீக்கமா, நோய் மிஞ்சியிருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது, ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். மிஞ்சியிருந்தால் குரல்வளையை எடுக்க வேண்டியதுதான்.

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்டேன்.

"அந்த அஞ்சு நாளாலயா டாக்டர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியலீங்க. அதை யாராலயும் சொல்ல முடியாது."

அந்த ஆறு வாரமும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆற்றில் தண்ணீர் திறந்தார்கள். நான் வாய்க்கால் வெட்டப் போகும்போது, ஆள் இல்லாத இடம் பார்த்து ஈ என்று சொல்லிப் பார்ப்பேன். முந்தின நாளைவிடத் தெளிவாக இருக்கிறதா என்று கேட்பேன். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. நாற்பத்தேழு வயதில் வரப்பில் நின்று ஈ ஈ என்று கத்தும் ஆளைப் பார்த்து ஒரு நாள் நடவுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

ஆடியில் மூன்றாவது முறை பார்த்தபோது டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு நாண்களும் வந்து சேர்ந்தன, பிரிந்தன. இடது பக்கத்தது கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது. இன்னொரு தடவ சொல்லுங்க என்றார். சொன்னேன்.

வெளியே வந்ததும் மீன்பிடிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார். கழுத்தில் ஒரு கட்டி கிளம்பி, அதற்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றார். நாக்கிலும் பரவியிருந்ததாம், அதில் பாதியை எடுத்துவிட்டார்களாம். காது கேட்கும், பேச வராது என்றார். ஒரு நாளும் விடாதவருக்குத் திரும்பி வந்திருந்தது. சொல்லாமல் ஓடியவனுக்குப் போய்விட்டது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போனை அவர் காதில் வைத்தார்கள். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"அண்ணே, ஈ சொல்லிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் விரலால் போனை இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் கூப்பிடுகிறேன். நிலத்து விசாரணை இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற மனுவை நானே கொண்டுபோய் மேஜையில் வைத்து, ரசீது கேட்டு வாங்கி வந்தேன். அதையெல்லாம் சொல்வேன். எந்த மதகில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, கடைமடைக்கு வந்துவிட்டதா, யார் வயலில் எலி, என் மனைவி என்ன சொல்லித் திட்டினாள் என்று சொல்வேன். என் குரல் சரளைக் கல்லை வண்டியில் கொட்டுவது போல இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினால் வலிக்கும். நான் நிறுத்தினால் அவர் ஒரு முறை தட்டுவார். மேலே பேசு என்று அதற்கு அர்த்தம். பேசுவேன்.